ஓட்டைக் கிண்ணம்

வலி தணிக்க உடம்பில் கவிழ்க்கும் கப்பிங் கிண்ணம் எதையும் உறிஞ்சுவதில்லை. பார்ப்பதற்கு உறிஞ்சுவது போலத்தான் இருக்கும். குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த சில நொடிகளில் உள்ளே தோல் பூரி போல உப்பி எழும், சிவக்கும், பிறகு ஊதா நிறமாகும். ஆனால் காற்றுக் குறைந்த இடத்துக்கு எதையும் இழுக்கும் சக்தி கிடையாது. தள்ளுவது வெளியே இருக்கும் காற்று. காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாவற்றின் மீதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்பதை 1643இல் இத்தாலியின் டாரிசெல்லி ஒரு பாதரசக் குழாயை வைத்து உலகுக்குச் சொன்னார். அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. கிண்ணத்துக்குள் மட்டும் அது குறைந்துவிட்டால், உடம்பின் மற்ற இடங்களை அழுத்தும் காற்று, தோலையும் அதிலுள்ள நீரையும் ரத்தத்தையும் அந்தப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

உள்ளே அழுத்தம் எப்படிக் குறைகிறது? "நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது" என்றுதான் பலரும் சொல்வார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, டம்ளரைக் கவிழ்க்கும் பள்ளிக்கூடச் சோதனைக்கும் இதே விளக்கம்தான் காலங்காலமாகக் கிடைத்தது. அந்தச் சோதனையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் விளக்கம் உடைந்துவிடும். டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பில் சில குமிழிகள் வெளியேறும். சுடர் எரியும்வரை தண்ணீர் பெரிதாக ஏறாது. அணைந்த பிறகுதான் சரேலென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரிய எரிய அல்லவா ஏற வேண்டும்? தவிர, சுடர் அணையும்போது உள்ளிருந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியிருக்கும். செலவானதற்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் வந்து சேர்ந்திருக்கும். சங்கதி சூட்டில் இருக்கிறது. சூடான காற்று விரிந்து ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. மீந்தது குளிரும்போது சுருங்குகிறது.

கப்பிங்கிலும் அதுவேதான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தி, கிண்ணத்துக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி வெளியே எடுத்துவிட்டு, சட்டென்று முதுகில் வைக்கிறார்கள். வைக்கும் நொடியில் நெருப்பே உள்ளே இல்லை. உள்ளிருக்கும் காற்று சராசரியாக 130 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அழுத்தம் நாலில் ஒரு பங்கு குறையும். 5 சென்டிமீட்டர் வாயுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு கிண்ணத்தையும் காற்று ஏறத்தாழ 5 கிலோ விசையோடு முதுகில் அழுத்திப் பிடித்திருக்கிறது. தோல் எழுந்து உள்ளிடத்தை அடைத்துக்கொள்வதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். இப்போது பல இடங்களில் நெருப்பே கிடையாது. வால்வு வைத்த பிளாஸ்டிக் கிண்ணமும் கைப்பம்பும் அதே வேலையைப் பார்க்கின்றன.

இந்த விசைக்கு நம் தோலின் நுண்குழாய்கள் ஈடுகொடுக்க முடியாது. தந்துகிகளுக்குள் ரத்த அழுத்தம் சுமார் 15 முதல் 35 மில்லிமீட்டர் பாதரசம். கிண்ணத்துக்குள் ஏற்படும் குறைவோ கிட்டத்தட்ட 190. குழாய்கள் விரிகின்றன, கசிகின்றன, சில வெடிக்கின்றன. சிவப்பணுக்கள் வெளியே வந்து தோலடியில் தங்கிவிடுகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த அந்த வட்டங்கள் இவைதான். எளிய தமிழில் ரத்தக்கட்டு.

அந்த ரத்தக்கட்டு மறையும் விதம் கப்பிங்கைவிட அழகானது. விழுங்கணுக்கள் வந்து, சிதறிய சிவப்பணுக்களை விழுங்குகின்றன. ஹீம் ஆக்சிஜனேஸ் என்னும் நொதி ஹீமோகுளோபினின் ஹீம் வளையத்தை வெட்டிப் பிரிக்கிறது. முதலில் பச்சை நிறமியான பிலிவெர்டின் வருகிறது. அது பிலிரூபினாக மாறும்போது மஞ்சள். காமாலை வந்தால் கண்ணை மஞ்சளாக்குகிறதே, அதே பிலிரூபின். ஊதா வட்டம் பச்சையாகி, மஞ்சளாகி, ஓரிரு வாரத்தில் காணாமல் போகிறது. இந்த நொதிக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. அதனால் கப்பிங்கின் பலன் இந்த வழியில் வரலாம் என்று ஊகிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் "கறுப்பா வந்தா உடம்புல அவ்வளவு நச்சு இருக்குனு அர்த்தம்" என்பது நியாயமானது இல்லை. வட்டம் எவ்வளவு கறுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை அழுத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடம், யாருடைய தோல் என்பவை. நச்சை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு கிண்ணம் புதிதாக என்ன செய்துவிடும்?

விளக்கங்களுக்கு மட்டும் எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆயுர்வேதத்தின் சுஸ்ருதர் மாட்டுக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை மூன்றையும் மூன்று தோஷங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சுரைக்குடுக்கைக்குள் விளக்கை வைத்துச் சூடேற்றச் சொன்னார். கிரேக்கர்கள் நான்கு திரவங்களின் சமநிலை என்றார்கள். சீனர்கள் தேங்கிய சீ ஆற்றல் ஓடத் தொடங்குகிறது என்றார்கள். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் உறிஞ்சலும் ஒன்று. அரபு உலகில் ஹிஜாமா எனப்படும் கப்பிங் யுனானி வைத்தியத்தோடு நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1929இல் பாரிஸின் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் நிமோனியாவோடு படுத்திருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு, இன்னொரு நோயாளிக்கு வைத்த கிண்ணங்களையே சுத்தப்படுத்தாமல் வைத்தார்கள். அதைப் பின்னாளில் கசப்போடு எழுதினார். கொள்கை ஊருக்கு ஊர் மாறியது, கிண்ணம் மாறவில்லை. இதை வைத்து "எல்லாரும் செய்தார்கள் என்றால் பலன் இருக்கத்தானே செய்யும்" என்று வாதிடலாம். ரத்தம் வடித்தலையும்தான் எல்லாரும் செய்தார்கள்.

இடுப்பு வலிக்கு வருவோம். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது, 2050க்குள் 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு. மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் இதுவே முதலிடம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்பார்கள். அவற்றில் 10க்கு 9, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சுட்ட முடியாதவை. "டிஸ்க் விலகிடுச்சு" என்று எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது; 80 வயதில் 96 விழுக்காடு. தேய்மானம் பல பேருக்கு நரைமுடி மாதிரிதான், வயதின் அடையாளம்.

மேலும், டிஸ்க் இருப்பது தோல், கொழுப்பு, தடித்த தசையுறை, அதற்கும் கீழே இரண்டு மூன்று அடுக்குத் தசை எல்லாவற்றையும் தாண்டிய ஆழத்தில். கிண்ணத்தின் விசை தோலிலும் கொழுப்பிலும் பலமாக இருந்து, ஆழம் போகப்போக மங்கிவிடும். விலகிய டிஸ்க்கை வெளியிலிருந்து இழுத்து நிமிர்த்துவது கிண்ணத்தால் நடக்காத காரியம்.

ஆனாலும் "கப்பிங் போட்டதும் லேசாயிடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே லேசாகிறது. எதனால் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். 2011இல் தென் கொரியாவில் 32 பேரைக் கொண்டு நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வில், ரத்தம் எடுக்கும் கப்பிங் செய்துகொண்டவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இதில் ஒரு பக்கம் படுக்கை, கவனிப்பு, எதிர்பார்ப்பு, கிண்ணம் எல்லாம் உண்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை. வித்தியாசம் வந்தால் அதைக் கிண்ணத்தின் கணக்கில் எப்படி எழுதுவது? மாத்திரையென்றால் அதே நிறத்தில் சர்க்கரை மாத்திரை செய்துவிடலாம். முதுகைக் கவ்வும் கிண்ணத்துக்குப் போலி எங்கே போவது?

பிரேசில் பிசியோதெரபி ஆய்வாளர்கள் கிண்ணத்தில் ஊசித்துளை போட்டார்கள். வைக்கும்போது கிண்ணம் கவ்வும், கவ்வியது உறைக்கும், அடுத்த சில நொடிகளில் துளை வழியே காற்று நுழைந்து அழுத்தம் போய்விடும். படுத்திருப்பவருக்கு முதுகில் கிண்ணங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான் தெரியும். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 90 பேரில் பாதிப் பேருக்கு நல்ல கிண்ணம், பாதிப் பேருக்கு ஓட்டைக் கிண்ணம். வாரம் ஒரு முறை, 10 நிமிடம், எட்டு வாரம். 2021இல் முடிவு வெளியானது: இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. முன்னதாக 2016இல் ஜெர்மனியில், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரிடமும் இதே மாதிரிப் போலிக் கிண்ணத்தைச் சோதித்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களைவிடக் கப்பிங் குழு தேறியிருந்தது. ஓட்டைக் கிண்ணக் குழுவைவிடத் தேறவில்லை.

இதைக் கேட்டு "அப்போ எல்லாம் மனப்பிரமை" என்று கையை உதறுபவர்கள் சுவாரசியமான இடத்தில் எழுந்து போகிறார்கள் என்பேன். வலி லேசாவதில் ஒரு பகுதி, வலியின் போக்கு: ஏறி இறங்குவது அதன் சுபாவம், தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம், அதன் பிறகு அது இறங்கத்தான் செய்யும். இன்னொரு பகுதி, தொடுகை. தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று மெல்சாக், வால் என்னும் இரு ஆய்வாளர்கள் 1965இல் வாசல் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவது அதனால்தான். மூன்றாவது, எதிர்பார்ப்பு. 1978இல் கலிஃபோர்னியாவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து கொடுத்து வலி குறைவதைப் பார்த்தார்கள். பிறகு மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அந்த நிவாரணம் மங்கியது. அதாவது, நம்பிக்கை வைத்ததும் மூளை தன் சொந்த மார்ஃபினைச் சுரந்திருக்கிறது.

இதையெல்லாம் மிஞ்சியது லிஸ்பனில் நடந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் மாத்திரைப் புட்டியைக் கொடுத்து, இது போலி மருந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஏன் வேலை செய்யக்கூடும் என்றும் விளக்கினார்கள். மூன்று வாரத்தில் அவர்களின் வழக்கமான வலி சுமார் 30 விழுக்காடு குறைந்தது. பழைய சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களுக்குக் குறைந்தது 9 விழுக்காடுதான். 2016இல் வெளியான இந்த முடிவை நான் நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதல் கேள்வி "அந்த மாத்திரை எங்க கிடைக்கும்?" என்பதே.

ஆகவே, கிண்ணம் மட்டும் வைக்கும் உலர் கப்பிங் போட்டுக்கொண்டு, வலி தணிந்த தைரியத்தில் தினமும் நடக்கவும் குனிந்து நிமிரவும் தொடங்குகிறவரோடு எனக்கு வழக்கில்லை. இந்த வலிக்கு உடற்பயிற்சி நல்லது என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. கிண்ணத்தை நம்பிப் படுத்தே கிடப்பவரை நினைத்தால்தான் கவலை.

பிளேடு வரும்போது கதை மாறுகிறது. கீறிவிட்டு வைத்த கிண்ணத்தில் கட்டிகட்டியாகத் திரளும் ரத்தத்தைக் காட்டி "கெட்ட ரத்தம் பாருங்க" என்பார்கள். எவருடைய நல்ல ரத்தமும் கிண்ணத்தில் 10 நிமிடம் நின்றால் அப்படித்தான் உறையும். நபிவழி என்று ஹிஜாமா செய்துகொள்பவரின் நம்பிக்கையில் அறிவியலுக்கு வேலையில்லை. பிளேடு புதிதா, கிண்ணம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிவதா என்பதில் உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி பரவ ஒரு பழைய பிளேடு போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், ஆறாத புண்ணுக்கு அஞ்ச வேண்டிய சர்க்கரை நோயாளிகள் இதன் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

கால் பலம் இழந்துகொண்டே வருவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போய்விடுவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது ஆகியவற்றோடு வரும் இடுப்பு வலி வேறு சாதி. தண்டுவடத்துக்குக் கீழே தொங்கும் நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குக் கப்பிங் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கக் கூடாது. நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.