காசு கொடுத்தும் சொந்தமாகாத புத்தகம்

2009 ஜூலை. அமெரிக்காவில் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி வைத்திருந்த வாசகர்கள் பலரின் கருவியிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தன. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் மின்னூல் பதிப்புகள் அவை. வெளியிட்டவருக்கு அவற்றை வெளியிடும் உரிமையே இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் நிறுவனம் வாசகர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனத் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார். பாடத்துக்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்த பள்ளி மாணவர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார்; அது சமரசத்தில் முடிந்தது.

மன்னிப்போடு விஷயம் தீரவில்லை. புத்தகத்தை விற்ற பிறகும் அலமாரியின் சாவி விற்றவரிடமே இருக்கிறது என்பது அன்று வெட்டவெளிச்சமானது. இன்றும் அந்தச் சாவி அங்கேதான் இருக்கிறது.

நூற்றாண்டுக்கு முந்தைய தீர்ப்பு

அச்சுப் புத்தகத்தை இரவல் கொடுக்கிறோம், பழைய புத்தகக் கடையில் போடுகிறோம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம். இதெல்லாம் இயல்பாக வந்த உரிமை என்றே நினைக்கிறோம். ஆனால் அதையும் பறிக்கப் பார்த்தவர்கள் உண்டு. 1904-இல் ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை வெளியிட்ட பாப்ஸ்-மெரில் நிறுவனம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்க எந்த வணிகருக்கும் உரிமம் இல்லை, மீறினால் அது காப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சிட்டது. நியூயார்க்கின் மேசிஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருமுறை விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தப் பதிப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்று 1908-இல் தீர்ப்பு வந்தது.

இந்தியச் சட்டமும் இதே வழியில்தான் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், நூல்களின் பிரதிகளை வெளியிடும் உரிமையை ஆசிரியருக்குத் தரும்போதே, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை அதிலிருந்து விலக்கி வைக்கிறது.

மீண்டும் வந்த உரிமம்

1908-இல் தோற்ற உத்தி டிஜிட்டல் சந்தையில் வென்றுவிட்டது. மின்னூலோ படமோ வாங்கும்போது நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று, யாரும் படிக்காத நீண்ட விதிமுறைகளுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். விளைவுகள் கண்முன்னே இருக்கின்றன. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் நூல்களும் போயின. பணம் மட்டும் திரும்பியது. 2014-இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியது. வாங்கியவர்கள் யாராலும் அதன்பின் விளையாட முடியவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது.

நீதிமன்றங்களும் இம்முறை வாசகர் பக்கம் நிற்கவில்லை. பழைய பாடல் கோப்புகளை மறுவிற்பனை செய்ய வழிசெய்த ரீடிஜி நிறுவனம் 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. கோப்பை மாற்றுவதே புதிய பிரதியை உண்டாக்குவதுதான் என்றது தீர்ப்பு. பழைய மின்னூல்களை விற்ற டாம் காபினெட் என்ற நெதர்லாந்துத் தளத்துக்கு எதிராக 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

எழுத்தாளருக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

வேண்டும். ஒரு நொடியில் ஆயிரம் நகல் எடுக்கக்கூடிய காலத்தில் எழுத்தாளரின் கவலை நியாயமானது. ஆனால் டி.ஆர்.எம். எனும் டிஜிட்டல் பூட்டு மட்டுமே அதற்கு வழி அல்ல. டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டு நகல்கள் குறிப்பிடும்படி கூடவில்லை என்று அறிவித்தது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2009-லேயே எல்லாப் பாடல்களையும் பூட்டில்லாமல் விற்கத் தொடங்கிவிட்டது. தமிழில் மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைப் பூட்டின்றி வழங்கிவருகிறது. அங்கே இறக்கிய கோப்பை யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

கலிஃபோர்னியா முதல் அடி எடுத்து வைத்துள்ளது. நுகர்வோருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், ‘வாங்கு’ என்று விளம்பரப்படுத்துவதை அங்கே 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் தடுக்கிறது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டுகளை முடக்கக் கூடாது என்று கோரும் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளைத் தடை செய்கிறது. விற்பனைபோலக் காட்டி உரிமத்தைத் தருவதும் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட வேண்டும். ஆனால் எச்சரிக்கை வாசகம் மட்டும் போதாது. முழு விலை கொடுத்தவருக்கு மூன்று உரிமைகள் சட்டப்படி வேண்டும்: தன் பிரதியைத் தன்னிடமே சேமித்து வைக்கும் உரிமை, கடை மூடினாலும் அதைப் பயன்படுத்தும் உரிமை, தனக்குப் பின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உரிமை. அச்சுப் புத்தக வாசகருக்கு இவை பதிப்பாளரின் பெருந்தன்மையால் கிடைக்கவில்லை, சட்டம் தந்தது. மின்னூல் வாசகருக்கும் சட்டம்தான் தர வேண்டும்.