சோலையின் பெயர் தாங்கிய பறவை

நுழையும்முன்

உயிரினங்களின் அறிவியல் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க மொழிகளின் வழி வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுபறவை ஒன்றோ தமிழ்ச்சொல் ஒன்றைத் தன் பெயரில் தாங்கியுள்ளது. அச்சொல் குறிக்கும் காடு சுருங்கினால் அப்பறவைக்கு வேறு புகலிடம் இல்லை.

நீலநிறப் பாடகர்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்திற்கு மேலுள்ள காடுகளில் வாழ்பவை சோலைக்கிளிகள். கிளி என்பது இங்குச் சிறுபறவை என்னும் பொருளில் வழங்குகிறது. கருநீல மேனியும் வெளிறிய புருவக்கோடும் நீண்ட கால்களும் கொண்ட இவற்றுள் இரண்டு இனங்கள் உண்டு. வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் வயிறு வெண்மையானது. நீலகிரிச் சோலைக்கிளியின் விலாப்புறம் செம்பழுப்பு நிறமுடையது.

புதர்நிழலில் உதிர்ந்த இலைகளுக்கிடையே பூச்சிகளைத் தேடித் திரியும் இப்பறவைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சீழ்க்கை போன்ற பாடலே அவற்றின் இருப்பை உணர்த்தும். மரப்பொந்திலோ மண்சரிவிலோ கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும்.

வானத்தீவுகள்

மலைமடிப்புகளில் சோலையும் அதனைச் சூழ்ந்து புல்வெளியும் அமைந்திருப்பது இம்மலைகளின் இயல்பு. குளிர்ந்த மலையுச்சிகள், வெப்பமான சமவெளிக்கு நடுவே தீவுகள்போல் நிற்கின்றன. ஆதலின் அறிஞர்கள் அவற்றை ‘வானத்தீவுகள்’ என்பர். பாலக்காட்டுக் கணவாயின் உயரம் ஏறத்தாழ 140 மீட்டரே. உயர்மலைப் பறவைகள் அதனைக் கடப்பதில்லை. எனவேதான் கணவாயின் வடக்கே நீலகிரி இனமும், தெற்கே ஆனைமலை, பழனி மலை முதலிய இடங்களில் வெண்வயிற்று இனமும் தனித்தனியே உருவாயின.

சுருங்கும் சோலை

இயற்கை வகுத்த இப்பிரிவினைக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. மனிதர் உண்டாக்கிய பிரிவினையோ இரு நூற்றாண்டுகளுக்குள் நிகழ்ந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகச் சோலைகள் அழிக்கப்பட்டன. புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல்மரங்கள் நடப்பட்டன. ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளில் நிகழ்ந்த மரபணு ஆய்வு, காடு துண்டானதால் வெண்வயிற்றுச் சோலைக்கிளிகளின் கூட்டங்களுக்கிடையே மரபணுக் கலப்பு பாதிக்கப்பட்டுள்ளதைக் காட்டியது. கலப்பு குறைந்த சிறுகூட்டம் நோயையும் சூழல் மாற்றத்தையும் தாங்கும் ஆற்றலை இழக்கும். புவி வெப்பமடைந்தால், மலையுச்சியில் வாழும் உயிர் அதற்குமேல் ஏறிச்செல்ல இடமில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல், இவ்விரு இனங்களையும் அழியும் ஆபத்துக்கு உள்ளானவையாகக் குறிக்கிறது.

மீட்கும் வழி

முக்குருத்தி தேசியப் பூங்கா, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகியன எஞ்சிய சோலைகள் சிலவற்றைக் காக்கின்றன. அயல்மரங்களை அகற்றுவதும் இன்றியமையாதது. எனினும் அதில் நிதானம் வேண்டும். பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் பல இடங்களில் தாமாகவே முளைத்துள்ளன. தோப்பை ஒரேயடியாக வெட்டினால் அக்கன்றுகளும் அழியும். மெதுவாக வளரும் சோலைமரங்கள் மீண்டும் காடாக நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். துண்டுபட்ட சோலைகள் இணைந்தால்தான் சோலைக்கிளி தன் துணையைத் தேடி அடுத்த சோலைக்குச் செல்ல இயலும்.

தெரியுமா?

மரபணு, உடலமைப்பு, பாடல் ஆகியவற்றை ஆராய்ந்த அறிவியலாளர்கள், 2017ஆம் ஆண்டு இப்பறவைகளைச் ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினத்தில் சேர்த்தனர். ‘சோலையில் வாழ்வது’ என்பது அதன் பொருள்.