தொப்பி போட்ட கார்: ரெக்ஸின் கூரையை வைத்துக்கொள்வதா, உரித்துவிடுவதா?

கொல்லிமலைக்கு நீங்கள் காரில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்தப் பாதையை மறந்திருக்க மாட்டீர்கள்.

மலையடியில் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் சுடும். பாதி மலை ஏறியதும் ஜில்லென்று காற்று வீசும். இன்னும் மேலே போனால் மூடுபனி வந்து பாதையை மறைக்கும். 1000 முதல் 1300 மீட்டர் உயரம் உள்ள மலை அல்லவா!

குளிர் கண்டதும் நாம் போர்வையைத் தேடுவோம். சில கார்கள் மலையடியிலிருந்தே போர்வை போர்த்திக்கொண்டு வருகின்றன. பழைய கார்கள் சிலவற்றின் கூரைமேல் கறுப்பு ரெக்ஸின் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காருக்குத் தொப்பி போட்டது போல இருக்கும்.

அந்தத் தொப்பி காரைக் காக்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் இன்றைய விஷயம்.

அப்பாவின் ஆசை

எங்கள் வீட்டிலும் ஒரு தொப்பிக் கார் உண்டு. 1978-ஆம் வருஷத்து வண்டி. உடம்பு வெள்ளை, கூரை கறுப்பு.

கார் வந்தபோது கூரையும் வெள்ளைதான். அக்காவின் கல்யாணத்துக்கு முந்திய மாதம் அப்பா காரைச் சீட் கவர் தைக்கும் கடைக்குக் கொண்டுபோனார். கறுப்பு ரெக்ஸினோடு திரும்பி வந்தார். “ஊரெல்லாம் வெள்ளைக் கார். நம்முடையது தனியாகத் தெரிய வேண்டாமா?” என்றார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் போயிற்று.

இப்போது அப்பா இல்லை. கார் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க வருஷா வருஷம் மலைக்குப் போவோம். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் மலை வாழைத் தாரும் வாங்குவோம். எல்லாம் கூரைமேல் கேரியரில் ஏறும்.

ஒரு வருஷம் இறங்கும்போது நல்ல மழை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, “தம்பி, என் தலையில் சொட்டுகிறதடா!” என்றார். நிமிர்ந்து பார்த்தால், உள்கூரைத் துணியில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்புக் கறை!

நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் ஒரு டிங்கர் பட்டறைக்குப் போனோம். அம்மாவும் கூட வந்தார்.

“அதை மட்டும் எடுக்க வேண்டாம் தம்பி. அவர் ஆசைப்பட்டுப் போட்டது” என்றார் அம்மா.

டிங்கர் வயதானவர். கூரையைத் தடவிப் பார்த்தார். “ஏனுங்கம்மா, மேலே பார்த்தா நல்லாத்தானுங்க இருக்குது. கீழே என்ன இருக்குதுன்னு பார்க்கோணுமுங்க” என்றார்.

இந்த நாகரிகம் எப்படி வந்தது?

மோட்டார் வருவதற்கு முன்னால் சீமையில் குதிரை வண்டிகளுக்குத் தோலால் ஆன மடக்குக் கூரை இருந்தது. வேண்டும்போது இழுத்து மூடலாம், வேண்டாதபோது மடக்கிவிடலாம். ஆரம்ப காலத்துக் கார்களும் அப்படித்தான் வந்தன. பிறகு இரும்புக் கூரை வந்தது. ஆனாலும் மடக்குக் கூரையின் அழகில் மக்களுக்கு இருந்த மோகம் போகவில்லை. இரும்பின்மேல் துணியும் செயற்கைத் தோலும் ஒட்டிப் பழைய அழகைக் காட்டினார்கள்.

ரெக்ஸின் என்பது இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று வைத்த பெயர். பருத்தித் துணிமேல் ரசாயனப் பூச்சு பூசிச் செய்த செயற்கைத் தோல் அது. இப்போது நாம் ரெக்ஸின் என்று சொல்வது பெரும்பாலும் துணியின்மேல் பி.வி.சி. பூசியது. இதையே வினைல் என்றும் சொல்கிறார்கள். கட்டியான பி.வி.சி.யை ரப்பர் போல வளையச் செய்யும் வழியை அமெரிக்க விஞ்ஞானி வால்டோ செமான் 1926-ல் கண்டுபிடித்தார்.

அமெரிக்காவில் 1960-களிலும் 1970-களிலும் வினைல் கூரை பெரிய நாகரிகமாயிற்று. 1962-ல் ஃபோர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு கார் ஒன்று வினைல் கூரையோடு வந்து பெயர் வாங்கியது. 1969-ல் பிளிமத் கார்களில் பூப்போட்ட வினைல் கூரைகூட வந்தது. நம் பெண்கள் பூப்போட்ட சேலை கட்டுவது போல, கார்கள் பூப்போட்ட தொப்பி போட்டுக்கொண்டு ஓடின!

அந்த மோகத்தின் அலை நம் ஊருக்கும் வந்தது. சீட் கவர் கடைகளில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் ரெக்ஸின் ஒட்டினார்கள்.

துரு எப்படி வருகிறது?

புது ரெக்ஸின் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சரக்கு வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்போது ரெக்ஸின் காய்ந்து சுருங்கும். தையல் விரியும். ஓரம் தூக்கும். முடி போன்ற வெடிப்பு விழும்.

அந்த வெடிப்பு போதும். தண்ணீர் உள்ளே போகும். ஆனால் வெளியே வராது. அடியில் இருக்கும் துணி ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் இரும்பின்மேல் ஈரத்துணி போர்த்தியபடியே இருக்கும். துருவுக்கு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. ரெக்ஸினின் ஓரத்தை மறைக்கப் பளபளப்பான பட்டை வைப்பார்கள். அதை மாட்டக் கூரையில் சிறு துளைகள் போடுவார்கள். பெரும்பாலும் துரு முதலில் ஆரம்பிப்பது அந்தத் துளைகளில்தான். அடுத்தது பின் கண்ணாடியின் அடி ஓரம். வழிந்து வரும் தண்ணீர் தங்குவது அங்கேதான்.

மலை ஏறும் காருக்கு ஆபத்து அதிகம். கீழே வெயிலில் காய்ந்த கூரை மேலே போனதும் பனியில் குளிர்கிறது. தளர்ந்த ரெக்ஸினின் அடியில் இருக்கும் காற்றின் ஈரம், குளிர்ந்த தகட்டில் வியர்வை போலப் படிகிறது. மழையே வேண்டாம், பனி போதும். போதாததற்குக் கேரியர் ஒன்று. பலாப்பழ மூட்டை கட்டிய கயிறு 70 வளைவிலும் இப்படியும் அப்படியும் தேய்த்தால் ரெக்ஸின் என்ன ஆகும்?

ஜீப்பின் படுதாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைக் கழற்றி உதறிக் காய வைக்கலாம். ஓலைக் கூரையைக்கூட அவ்வப்போது பிரித்துப் பார்த்துப் புதிதாக வேய்கிறோம். ஒட்டிய ரெக்ஸினைத்தான் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம்

உங்கள் காரிலும் ரெக்ஸின் கூரை இருக்கிறதா? பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கலாம்.

முதலாவது, கட்டைவிரலால் கூரை முழுவதும் மெதுவாக அழுத்துங்கள். கொப்புளம் தட்டுப்பட்டால் சந்தேகம். அழுத்தும்போது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அது துரு.

இரண்டாவது, மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கூரைமேல் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் பிடிக்கிறது, ஓர் இடத்தில் பிடிக்கவில்லை என்றால், அங்கே தகடு அரித்திருக்கலாம். அல்லது யாரோ பட்டி பூசி மறைத்திருக்கலாம்.

மூன்றாவது, காரைக் கழுவி நிழலில் நிறுத்துங்கள். மறுநாள் ரெக்ஸின் ஓரத்தில் பழுப்பு நீர் கசிகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, கதவுகளை மூடி வைத்துக் காலையில் திறந்து மோந்து பாருங்கள். நனைந்த கோணி வாசனை வந்தால் தண்ணீர் உள்ளே தங்குகிறது என்று பொருள்.

எப்போது வைத்துக்கொள்ளலாம்?

ரெக்ஸின் இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா? கொப்புளம் இல்லையா? ஓரம் தூக்கவில்லையா? அப்படியானால் கை வைக்க வேண்டாம். காரை நிழலில் நிறுத்துங்கள். கேரியரை எடுத்துவிடுங்கள். வெறும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பெட்ரோலும் தின்னரும் ரெக்ஸினுக்கு எமன். சின்ன வெடிப்பு கண்டால் அன்றே அடைத்துவிடுங்கள்.

கார் செய்த கம்பெனியே போட்ட வினைல் கூரை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். பழைய கார்களைச் சேர்ப்பவர்கள் முதலில் இருந்தபடி இருப்பதைத்தான் மதிப்பார்கள். அப்படிப்பட்ட காரில் பழுதை நீக்கிவிட்டு மறுபடி வினைல் போடுவதே முறை. கம்பெனி வினைல் போட்ட கார்களில் அடியில் இருக்கும் தகட்டின் இணைப்புகளைச் சரியாக மழித்து முடிக்காமல் விட்டிருப்பதும் உண்டு. உரித்தால் அந்தத் தழும்பு தெரியும்.

ஆனால் கொப்புளமும் கசிவும் வந்துவிட்டால் தயங்கக் கூடாது. இன்று உரித்தால் தேய்த்துப் பெயிண்டு அடிக்கும் வேலை. இரண்டு மழைக்காலம் தள்ளினால் தகடு வெட்டி ஒட்டும் வேலை. அதற்கும் மேல் தள்ளினால் கூரையே போய்விடும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பழைய காருக்குப் புதுக் கூரை தேடி அலைவது எளிதான காரியம் அல்ல.

உரிக்கும் முறை

பட்டறையில் முதலில் ஓரப் பட்டைகளைக் கழற்றுவார்கள். சூடான காற்று காட்டிப் பசையை இளக்கி ரெக்ஸினை மெதுவாக உரிப்பார்கள். மிஞ்சிய பசையைத் தின்னரால் துடைப்பார்கள். தின்னர் சட்டென்று தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடம் வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, குழந்தைகளும் கூடாது.

பிறகு உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும் வரை தேய்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பட்டியை அப்பி ஓட்டையை மூடுவது ஏமாற்று வேலை. அடுத்த மழையில் குட்டு வெளிப்பட்டுவிடும். வெல்டிங் செய்யும் முன் உள்கூரைத் துணியை இறக்கிவிட வேண்டும். பாட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். பட்டை மாட்டிய சிறு துளைகளையும் விடாமல் அடைக்க வேண்டும். அதன்பிறகு துரு தடுக்கும் பிரைமர், அப்புறம் பெயிண்டு.

ஆர்.சி. புத்தகத்தையும் மறக்க வேண்டாம். காரின் நிறம் அதில் பதிவாகியிருக்கும். அதே நிறத்தில் கூரையைப் பூசினால் தொல்லை இல்லை. வேறு நிறம் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்தக் காரின் முதல் பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டைக் கூரையோடு அங்கே போய் நிற்பது தைரியசாலிகள் செய்கிற காரியம்! 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விதிகள் வந்தன. பாடியைப் பெரிதாக மாற்றாமல் முதலில் இருந்தபடி வைத்திருக்கும் கார்களுக்கே அந்த விண்டேஜ் பதிவு கிடைக்கும்.

எங்கள் கார் என்ன ஆயிற்று?

அம்மாவுக்கு மனசே இல்லை. டிங்கர் அவசரப்படவில்லை. “ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டறனுங்க. பார்த்துப்போட்டு நீங்களே சொல்லுங்க” என்றார்.

பின் கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் உரித்தார். பழுப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. தகட்டில் சுண்டுவிரல் நுழையும்படி ஒரு ஓட்டை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவர் கார் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இதைப் போட்டார். எடுத்துவிடப்பா” என்றார்.

ஓட்டை ஒன்றல்ல; மூன்று இருந்தன. தகடு வைத்து ஒட்டினார்கள். கூரை மறுபடி வெள்ளையாயிற்று. நாமக்கல் வெயிலில் உள்ளே முன்போல் புழுங்குவதும் இல்லை. கறுப்புக் கூரை வெயிலை வாங்கும். வெள்ளை திருப்பி அனுப்பும் அல்லவா?

இப்போது புதுக் கார்களின் கூரைமேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது மெல்லிய தாள் போன்றது, துணி இல்லை. ஆனாலும் துருவின்மேல் ஒட்டினால் துரு போய்விடாது, கண்ணுக்குத்தான் மறையும். ஒட்டும் முன் அடியில் இருப்பதைப் பாருங்கள்.

உரித்த ரெக்ஸினில் நல்ல பாகம் கொஞ்சம் மிஞ்சியது. அம்மா அதைச் சீட் கவர் கடைக்காரரிடம் கொடுத்து ஒரு பை தைத்து வாங்கினார். ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸ் காகிதமும் இப்போது அதில்தான் இருக்கின்றன. அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு மலை ஏறினோம். அன்றும் மழை. அம்மா தலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.