ஜப்பானுக்குப் பதிலாகக் கிருஷ்ணகிரி

1895-ல் கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. திருப்பத்தூரில் இறங்கி, இருபத்தைந்து மைல் மாட்டுவண்டியில் வர வேண்டும். வழியெல்லாம் பாறைக் குன்றுகள், புளியமரங்கள், ராகிக் கொல்லைகள். சையத் பாஷா மலையும் அதன் மேல் இருக்கும் கோட்டையும் கண்ணில் பட்டால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆண்டு அங்கே குடிவந்தார் தியோடர் நேதர் என்ற ஜெர்மானியர். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை வெளிநாட்டில் தொடங்கிய முதல் மிஷனுக்கு அவர்தான் கால்கோள் இட்டார்.

உண்மையில் அந்தச் சபையின் மனதில் கிருஷ்ணகிரி இல்லை. ஜப்பானுக்கு ஊழியர்களை அனுப்புவது என்றுதான் 1893-ல் தீர்மானம் போட்டிருந்தார்கள். அதே சமயத்தில், தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், வேதாகமத்தின் அதிகாரம் குறித்த கருத்து மோதலில் அந்த மிஷனை விட்டு விலக நேர்ந்தது. ஒருவர் நேதர், இன்னொருவர் பிரான்ஸ் மோன். இருவரும் அமெரிக்கா போனார்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஜப்பான் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, 1894 அக்டோபரில் செயின்ட் சார்லஸ் என்ற ஊரில் இருவருக்கும் கை வைத்து வழியனுப்பினார்கள். மோன் ஆம்பூரில் தங்கினார். நேதர் கிருஷ்ணகிரிக்கு வந்தார்.

வேலை போன பிறகு ஜெர்மனியிலேயே இருந்திருக்கலாம். அமெரிக்காவில் ஜெர்மன் பேசும் விவசாயிகள் நடுவே ஒரு சபையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். கடல்கள் தாண்டிச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தமிழ் பேசும் மக்களிடமே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு, அந்த மொழி பேசும் இடம்தான் பிறகு ஊர்.

ஆனால் எந்தத் தமிழ்? லைப்சிக் மிஷன் தரங்கம்பாடி மிஷனின் வாரிசு. அங்கே படித்த தமிழுக்குக் காவிரிக்கரை வாசனை இருக்கும். அந்த மிஷனின் தலைவராக இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளையே ஜெர்மனில் பெயர்த்தவர். கிருஷ்ணகிரியோ நாலு மொழி ஊர். நான் ஓசூரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், இறைச்சிக் கடையில் உருது. ஒரே களியை இந்த வீட்டில் களி என்பார்கள், அடுத்த வீட்டில் முத்தே என்பார்கள். புத்தகத் தமிழோடு இங்கே வந்து இறங்கும் எவரும் முதல் ஆறு மாதம் சந்தையில் திணறித்தான் தீர வேண்டும். தஞ்சாவூர்க்காரரும் திணறுவார், சாக்சனிக்காரரும் திணறுவார். தமிழ் லுத்தரன்கள் தங்கள் ஊழியக்காரர்களை 'ஐயர்' என்று அழைப்பது வழக்கம். வெளிநாட்டவருக்கும் அதே பெயர்தான். துரை என்பது கலெக்டருக்கு. ஐயர் என்றால் வீட்டுத் திண்ணை வரை வந்து உட்காரக்கூடியவர்.

நேதருக்கு நூறு ஆண்டு முன்னால் இந்தப் பீடபூமியில் இன்னொரு வெளிநாட்டவர் வாழ்ந்தார். பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1792-ல், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் நாட்டை விட்டுக் கிளம்பியவர். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமை திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு துபுவா மைசூர்ச் சீமைக் கிறிஸ்தவர்களைத் தேடிப் போனார். தலைப்பாகை கட்டினார், ஊர் உடை உடுத்தினார், புலால் தவிர்த்தார். 'தொட்ட சுவாமியவரு' என்றார்கள் கன்னடக்காரர்கள். பெரியம்மை தாக்கியபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் கொடுத்த கையெழுத்துப் படியை 1807-ல் கம்பெனி அரசு 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி கேர்து என்ற முந்தைய யேசு சபைப் பாதிரியாரின் குறிப்புகளிலிருந்து வந்தது என்று பிற்காலத்து ஆய்வு காட்டியிருக்கிறது. 1823-ல் ஊர் திரும்பினார். இந்துக்களை மதம் மாற்றுவது நடக்காத காரியம் என்று எழுதினார். 1848-ல் இறக்கும் வரை இந்தியாவுக்கு வரவே இல்லை.

துபுவாவை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு களியும் சோறும் சாப்பிட்டு இருந்தவர் அவர். ஆனால் அந்தப் புத்தகத்தில் பிராமணர்களின் ஆசாரங்களுக்குக் கிடைத்த பக்கங்கள், அவரிடம் ஞானஸ்நானம் வாங்கிய ஏழைகளின் அடுப்புக்கும் தறிக்கும் கிடைக்கவில்லை. நம் மக்களைப் பற்றி எழுதியவர்கள் நம் மக்களோடு வாழ்ந்த நாட்களை எழுதாமல் விட்டது எனக்குத் தீராத வருத்தம்.

நேதரிடம் அப்படிப் புகழ்பெற்ற புத்தகம் எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டுகள் மட்டுமே. 1896-ல் பம்பாயில் தொடங்கிய பிளேக், 1898 ஆகஸ்டில் ரயில் ஏறி பெங்களூருக்கு வந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் இருபத்தைந்து மைல். அங்கிருந்து கிருஷ்ணகிரி சாலையில் வியாபாரிகளும் மூட்டைகளும் ஓயாமல் நடமாடும். மூட்டைக்குள் எலி, எலி மேல் தெள்ளுப்பூச்சி. வீட்டில் எலி செத்து விழுந்தால் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லையில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு போய்விடுவது இந்தச் சீமையில் வழக்கமாயிற்று. சர்க்கார் ஆட்கள் வீடு புகுந்து சோதிப்பதும், நோயாளியை முகாமுக்குக் கொண்டுபோவதும் நோயைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஊசி போட வந்தவர்களைக் கண்டு ஓடினார்கள். கர்நாடகத்திலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. அவள் பெயரை இன்றும் சொல்லிக் கும்பிடுகிறார்கள்.

அந்தப் பிளேக்கில்தான் 1904-ல் நேதர் இறந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஊரே காலியாகும் நேரத்தில், ஓடக்கூடிய வசதி உள்ளவர்களுக்கு மலைவாசஸ்தலங்கள் இருந்தன. அவர் கிருஷ்ணகிரியில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறும்பாதை ரயில் வந்தது. அந்தப் பாதையும் பிறகு போய்விட்டது. மாவட்டத் தலைநகரான பிறகும் கிருஷ்ணகிரியில் இன்று ரயில் நிலையம் இல்லை.

நேதர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1907-ல் நாகர்கோவிலுக்குப் போனது. ஆம்பூரில் 1921-ல் பெதஸ்தா ஆஸ்பத்திரி எழுந்தது. இந்த எல்லைப்புறத்து எத்தனையோ பிள்ளைகள் பிறந்த இடம் அது. 1958-ல் இங்கே வளர்ந்த சபை இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று தனியாக நின்றது.

ஜெர்மானியரின் இன்னொரு தடம் இப்போது ஓசூருக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வரும் பழங்குடிப் பெண்களில் பலர் கிறிஸ்தவர்கள். கோஸ்னர் மிஷனின் நான்கு ஜெர்மானியர்கள் பர்மாவுக்குப் போகும் எண்ணத்தோடு கல்கத்தா வந்தார்கள். அங்கே தெருவில் கூலி வேலை செய்தவர்களைப் பார்த்து, "இவர்கள் யார், எந்த ஊர்?" என்று விசாரித்துக்கொண்டு 1845-ல் அவர்களின் சீமையான ராஞ்சிக்குப் போனார்கள். ஜப்பானுக்குப் பதில் கிருஷ்ணகிரி. பர்மாவுக்குப் பதில் ராஞ்சி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சர்ச்சுக்குப் போகும் அந்தப் பெண்களில் மூன்று பேர், பூ விற்கும் அம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் வரவில்லை. அந்த அம்மா தமிழில் தொடங்கி, கன்னடத்துக்குப் போய், உருதுவில் வந்து நின்றார். புரிந்துவிட்டது. "பார்த்துப் போங்க கண்ணு" என்று கடைசியாகச் சொன்னது மட்டும் தமிழில். மூவரும் தலையாட்டிச் சிரித்துவிட்டு நடந்தார்கள்.