உங்களுக்குத் தெரியுமா? டேபிள் சாவின் சக்கரங்களும் திருகுகளும்

மரவேலைப் பட்டறையில் டேபிள் சா வாங்கி வைப்பவர்கள் பலர். அதில் உள்ள ஒவ்வொரு திருகும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் குறைவு. வெட்டு நேராக வருவதற்கும் விரல் பத்திரமாக இருப்பதற்கும் ஒரே அமைப்புகள்தான் காரணம். அவற்றில் சில இங்கே.

சக்கரத்தை ஏற்றத்தில் முடியுங்கள்
முன்பக்கச் சக்கரம் பிளேடை ஏற்றி இறக்கும். பக்கவாட்டுச் சக்கரம் அதைச் சாய்க்கும். பெரும்பாலான இயந்திரங்களில் 0 முதல் 45 டிகிரி வரை. சக்கரத்தின் நடுவே உள்ள குமிழ்தான் பூட்டு. பூட்டைத் தளர்த்தாமல் திருகினால் உள்ளே பல்சக்கரங்கள் தேயும். பிளேடு தேவைக்கு மேல் ஏறிவிட்டால், அளவுக்குக் கீழே நன்றாக இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள ஆட்டம் நீங்கிவிடும். ஓடும்போது பிளேடு அதிர்ந்து கீழிறங்காது.

ஒரு காலத்தில் மேசைதான் சாய்ந்தது
1777-லேயே இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் இடம்பெற்றது. பிற்காலத்தில் வந்த பல இயந்திரங்களில் பிளேடு நிமிர்ந்தே நிற்கும். சாய்வு வெட்டுக்கு மேசையைச் சாய்ப்பார்கள். பலகை வழுக்கும், அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1939-ல் கொண்டுவந்த யுனிசாவில் மேசை மட்டமாகவே இருக்க, பிளேடு சாய்ந்தது. பக்கவாட்டுச் சக்கரம் இன்றும் செய்வது அதே வேலைதான்.

மணிக்கு 190 கிலோமீட்டர்
10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேலே எழும்பும். மரம் அந்தப் பின்பற்களில் சிக்கினால் அதே வேகத்தில் உங்களை நோக்கிப் பாயும். இதுதான் ‘கிக்பேக்’. பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்வது இதற்காகவே.

பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு
அதன் பெயர் ரைவிங் நைஃப். சில மரங்களில் உள்ளிறுக்கம் இருக்கும். அறுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று நெருங்கி பிளேடைக் கவ்வும். அதைத் தடுப்பது இந்தத் தகடு. பிளேடோடு சேர்ந்தே ஏறும், இறங்கும், சாயும். பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம். தகட்டின் கனம் பிளேடின் உடல் கனத்தைவிட அதிகமாகவும், வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு வாங்கினால் இதைச் சரிபார்த்தே மாட்டுங்கள். தகட்டின் முனை பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றால், பள்ளம் மட்டும் போடும் வேலைக்குக்கூட அதைக் கழற்றத் தேவையில்லை.

ஒரே பல்லை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்
மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளம்தான் எல்லா அளவுக்கும் ஆதாரம். பிளேடு அதற்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். காம்பினேஷன் ஸ்கொயரைப் பள்ளத்தின் விளிம்பில் அணைத்து, அளவுகோலின் முனை அந்தப் பல்லை லேசாக உரசும்படி பூட்டுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மீண்டும் உரசிப் பாருங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவையும் சேர்த்து அளந்துவிடுவோம். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. மீறினால் திருத்தும் இடம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்: பெட்டி வடிவக் கேபினட் சாவில் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையை நகர்த்த வேண்டும், கான்ட்ராக்டர் சாவில் மேசைக்கு அடியில் பிளேடைத் தாங்கும் பகுதியை நகர்த்த வேண்டும்.

கருகல் பேசும்
வெட்டிய பலகையில் ஃபென்ஸ் (பலகையை அணைத்து நகர்த்தும் நேர்க்கட்டை) பக்க விளிம்பு கருகியிருந்தால், ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மரம் அங்கே நெருக்கப்படுகிறது. கிக்பேக்கின் முன்னறிவிப்பு அது. ஃபென்ஸ் பள்ளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். பின்முனை ஒரு மயிரிழை விலகியிருந்தால் பரவாயில்லை, நெருங்கவே கூடாது. ஃபென்ஸ் சரியாக இருந்தும் கருகினால், பிளேடு மழுங்கியிருக்கலாம். பல்லில் பிசின் படிந்திருக்கலாம்.

ஒரு நூல் எங்கே போனது?
வழக்கமான 10 அங்குல பிளேடு ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய ஒரு நூல் மரத்தைத் தூளாக்கும், அதாவது 3.2 மி.மீ. ஒரே பலகையில் 10 வெட்டு போட்டால் 32 மி.மீ. காணாமல் போயிருக்கும். ரீப்பர் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிளேடுக்கு மாறினால் ஃபென்ஸின் அளவுமுள்ளும் பொய் சொல்லலாம். ஒரு துண்டு வெட்டி, டேப்பில் அளந்து, முள்ளைத் திருத்துங்கள்.

பற்கள் அதிகமானால் நல்லதா?
வேலையைப் பொறுத்தது. நாரோடு நெடுக்காக அறுக்க 24 பல் போதும். பற்களுக்கு இடையே உள்ள பெரிய பள்ளங்கள் தூளை வாரி வெளியேற்றும். பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 முதல் 80 பல் இருந்தால் விளிம்பு சிலும்பாது. எந்த பிளேடானாலும், பல்லின் அடிப்பள்ளம் மரத்தின் மேல் மட்டத்தைத் தாண்டும் அளவுக்கு உயர்த்தினால் போதும்.

90 டிகிரியைக் கெடுப்பது தூள்
சாய்வுச் சக்கரம் 0-விலும் 45-லும் முட்டி நிற்க உள்ளே போல்ட்டுகள் உண்டு. போல்ட்டின் தலையில் மரத்தூள் இறுகிப் படிந்தால் பிளேடு முழுதாக நிமிராது. முள் மட்டும் 0 காட்டும். போல்ட்டைத் திருப்புவதற்கு முன் பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். சோதிக்க ஒரு வழி: ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகங்களைச் சேர்த்து வையுங்கள். மேலேயோ கீழேயோ இடைவெளி தெரிந்தால், உண்மையான பிழை அதில் பாதி.

ஐந்தாவது வெட்டு உண்மையைச் சொல்லும்
குறுக்கு வெட்டுக்கான மைட்டர் கேஜைச் சோதிக்க, ஒரு சதுரப் பலகையைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் வெட்டுங்கள். ஐந்தாவதாக முதல் பக்கத்தையே ஒரு கீற்று வெட்டி எடுங்கள். கீற்றின் இரு முனை அகலத்துக்கும் உள்ள வித்தியாசம், பிழையின் நான்கு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பிழைகூட இதில் தெரிந்துவிடும். இன்னொன்று: மைட்டர் கேஜையும் ஃபென்ஸையும் ஒரே நேரத்தில் மரத்தில் முட்டவைத்துத் துண்டு வெட்டாதீர்கள். அறுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

கரண்ட் போய் வந்தால்?
நல்ல இயந்திரத்தில் மேக்னடிக் சுவிட்ச் இருக்கும். மின்சாரம் போனதும் தானே விடுபடும். திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது. மின்வெட்டு உள்ள ஊரில் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மூன்றில் ஒரு சுற்றுக்குள்
இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ் 1999-ல் கண்டுபிடித்தது சாஸ்டாப். பிளேடில் சிறு மின் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். விரல் பட்டதும் சமிக்ஞை மாறும்; அலுமினியக் கட்டை ஒன்று பற்களில் பாய்ந்து கவ்வும்; பிளேடு மேசைக்கு அடியில் இறங்கிவிடும். எல்லாம் 5 மில்லி விநாடிக்குள். 4,000 சுற்று வேகத்தில் அது மூன்றில் ஒரு சுற்றுதான். ஈர மரமும் இதை உசுப்பலாம் என்பதால், தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு.

பிளைவுட்டுக்கு அடியில் கட்டிங் மெஷின்
நம் ஊரில் இன்டீரியர் வேலை நடக்கும் இடங்களில், கையடக்கக் கட்டிங் மெஷினைக் கவிழ்த்துப் பலகையில் பூட்டி டேபிள் சாவாக்கியிருப்பார்கள். செலவு குறைவு, வேலையும் நடக்கிறது. ஆனால் பிளேடுக்குப் பின்னால் தகடு இல்லை. மேலே மூடி இல்லை. கைக்கு எட்டும் சுவிட்ச் பல சமயம் இல்லை. பழகிய கை என்ற நம்பிக்கை மட்டுமே காவல். அந்தக் கைகளை நம்பித்தான் ஒரு குடும்பம் இருக்கிறது. வேலை கொடுப்பவர்கள் முறையான இயந்திரம் ஒன்றை வாங்கித் தருவது கடமை.

எதை முதலில் திருத்துவது?
பிளக்கைக் கழற்றிய பிறகு, இந்த வரிசையில்: பள்ளத்துக்கு இணையாக பிளேடு, பிளேடுக்கு நேர்கோட்டில் ரைவிங் நைஃப், பள்ளத்துக்கு இணையாக ஃபென்ஸ், அடுத்து மைட்டர் கேஜ், கடைசியில் 0, 45 போல்ட்டுகள். முதல் அளவு தவறினால் அதை நம்பி வைத்த மற்றவையும் தவறும். புது இயந்திரம் கடையிலிருந்து சரியாகத்தான் வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். லாரியில் குலுங்கி வந்தது அது. முதல் பலகையை வைப்பதற்கு முன் ஒருமுறை, அதன்பின் இயந்திரத்தை இடம் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை, இதே வரிசையில் சரிபாருங்கள்.