மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்: பெயரிடலும் ஆய்வகத் தேடலும்

முன்னுரை

மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் உயிரணுக்கள் இயக்க நரம்பணுக்கள் எனப்படும். மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள இவை சிதையும்போது கைகால் தசைகள் மெலிகின்றன, பேச்சு குழறுகிறது, விழுங்குதல் தடைப்படுகிறது. இச்சிதைவு நோய்களுள் பரவலாக அறியப்பட்டது, 1869இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்த ஏ.எல்.எஸ். ஆகும். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோரைத் தாக்கும் இந்நோயில், பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மூச்சுத்தசைகள் செயலிழந்து இறக்கின்றனர். இதனின்று வேறுபட்ட ஒரு வகை, சென்னையின் பழைய பெயரைத் தாங்கி உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. அந்த வேறுபாடு எவ்வாறு உணரப்பட்டது, அதன் காரணத்தை ஆய்வகம் தேடவேண்டியதன் அவசரம் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னை மருத்துவர்களின் கூர்நோக்கு

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் கிழக்கு முனையில், சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு ஆவடி, அம்பத்தூர், திருவள்ளூர்ப் பகுதி மக்கள் புறநகர் இரயிலில் நேரே வந்து சேர்வர். சென்னையின் நரம்பியல் மருத்துவம் வேரூன்றிய இடங்களுள் அது முதன்மையானது. நகரின் மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மூவரும் இளம்வயதினரிடம் காணப்பட்ட இயக்க நரம்பணு நோயின் தனித்த போக்கை 1970இல் நியூராலஜி இந்தியா இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் கண்ட நோயர்களுள் பெரும்பாலோர் பதின்பருவத்தினர் அல்லது இருபதுகளில் இருந்தோர். கைகால் மெலிவு இருந்தது. முகத்தையும் நாவையும் தொண்டையையும் இயக்கும் மண்டை நரம்புகள் பழுதுபட்டிருந்தன. இவற்றோடு செவித்திறன் இழப்பும் சேர்ந்திருந்தது. கேள்வி என்பது இயக்க நரம்பணுவின் பணியன்று, ஏ.எல்.எஸ். நோயில் காது பொதுவாகத் தப்பிவிடும். ஆகவே இச்சேர்க்கை தற்செயலானதாக இருக்க இயலாது. நோயின் போக்கும் மெதுவானது. பல ஆண்டுகள், சிலரிடம் பல பத்தாண்டுகள் நீள்வது. கருவிகள் குறைந்திருந்த காலத்தில், படுக்கையருகே நின்று நோயரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததன் பயனே இவ்வேறுபாடு புலப்பட்டது எனலாம். 1973இல் இதன் உயிர்வேதியியல் கூறுகளைப் பற்றிய சென்னை ஆய்வொன்றும் பிரித்தானிய இதழில் வெளிவந்தது.

பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் நளினியும் அவர்தம் குழுவினரும் இதனைத் தொடர்ந்தனர். 2006இல் தென்னிந்தியாவின் 15 குடும்பங்களில் இந்நோய் வந்த விதத்தையும், 2008இல் 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் கண்ட 116 நோயரின் நிலையையும் அவர்கள் பதிவு செய்தனர். பார்வை நரம்பும் தேய்வுறும் ஒரு கிளைவகையும் அறியப்பட்டுள்ளது. குடும்ப வழியாக வரும் நோயர்கள் இருப்பது மரபணுக் காரணத்தை நோக்கிக் கைகாட்டுகிறது. அத்தை மகள், மாமன் மகன் உறவிலும் தாய்மாமன் உறவிலும் மணம் கொள்ளும் வழக்கம் உள்ள நிலப்பகுதியில், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வைப் பெறும் ஒடுங்கு மரபு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி.

எலியும் வளர்ப்பணுவும்

இயக்க நரம்பணு ஏன் சாகிறது என்னும் வினாவிற்கு நிம்ஹான்ஸ் நரம்பியங்கியல் துறை வேறொரு வழியில் விடை தேடியது. ஏ.எல்.எஸ். நோயரின் மூளைத்தண்டுவட நீரைப் பிறந்த எலிக்குட்டிகளின் தண்டுவடப் பகுதியில் செலுத்தினர். எலியின் இயக்க நரம்பணுக்களில் உட்சட்ட இழைப் புரதம் இயல்புக்கு மாறாகப் பாஸ்பேட் ஏற்றம் பெற்றது. நரம்பணு எண்ணிக்கையும் குறைந்தது. நோயரின் நீரிலேயே நச்சுத்தன்மை உண்டு என்பதை இது உணர்த்தியது. பிற்காலத்தில் அந்நீரில் கைட்டோட்ரையோசிடேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பதையும், குருதிக்குழல் வளர்ச்சிக் காரணி ஒன்று வளர்ப்பணுக்களைப் பாதுகாப்பதையும் இக்குழுவினர் காட்டினர். ஆய்வக அளவில் இவை நம்பிக்கை அளிப்பவை. மருந்தாக மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உலகளவிலும் மருந்துகள் சிலவே. 1995இல் ஒப்புதல் பெற்ற ரிலூசோல் வாழ்நாளைச் சில மாதங்களே நீட்டித்தது. 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த டோஃபெர்சன், எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிறழ்வு உடையோருக்கு மட்டுமே உரியது. அப்பிறழ்வு 1993இல் கண்டறியப்பட்டது. மரபணு தெரிந்தபின் அதற்குரிய மருந்து வர முப்பது ஆண்டுகள் ஆயின. மரபணுவே தெரியாத நிலையில் அத்தகைய மருந்துக்கு இலக்கே இல்லை.

ஒத்த தோற்றமுடைய இன்னொரு நோய்

இங்குதான் 1894இல் பிரவுனும், 1936இல் வியாலெட்டோவும், 1966இல் வான் லேரும் விவரித்த நோய் முன்னிற்கிறது. செவியிழப்பு, முகத் தொண்டைத் தசைகளின் செயலிழப்பு, கைகால் மெலிவு ஆகியன இதன் அடையாளங்கள். சென்னையில் விவரிக்கப்பட்டதோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படையானது. பிரவுன் வியாலெட்டோ நோயர் பலரிடம் குழந்தைப்பருவத்திலேயே நோய் தொடங்கி, மூச்சு விரைவில் பாதிக்கப்படும். வேறுபாடு அவ்வளவே எனச் சொல்லத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒன்றே எனத் துணிவது பிழையாகும்.

இந்நோயின் காரணம் 2010இல் தெளிவுபட்டது. ரிபோஃபிளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்தைக் குடலிலிருந்து ஏற்கும் கடத்திப் புரதத்தின் மரபணுவில் பிறழ்வு காணப்பட்டது. மூளையில் மிகுந்து செயல்படும் மற்றொரு கடத்திப் புரதத்தின் பிறழ்வு 2012இல் அறியப்பட்டது. மனித உடல் இச்சத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளாது. பால், முட்டை, ஈரல், கீரை ஆகியவற்றிலிருந்து பெறுகிறது. அணுவின் ஆற்றற்கூடமாகிய மைட்டோகாண்டிரியாவில் பல நொதிகள் இதன் வழிப்பொருள்களின்றி இயங்கா. நீண்ட இழைகளைத் தாங்கும் இயக்க நரம்பணுவுக்கு ஆற்றல் தேவை மிகுதி. ஆகவே தட்டுப்பாடு அதனை முதலில் வருத்துகிறது எனக் கருதப்படுகிறது.

நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவே உடலுக்குத் தேவையான இச்சத்தை, நோயரின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 80 மில்லிகிராம்வரை நாள்தோறும் வாய்வழி கொடுத்தபோது பலர் தேறினர். சிலரிடம் உயிரே காக்கப்பட்டது. இயக்க நரம்பணுச் சிதைவு நோய்களுள் மலிவான உயிர்ச்சத்து மாத்திரைக்கு இணங்கும் அரிய நோய் இது. ஆனால் இறந்துபட்ட நரம்பணு மீளாது. ஆகவே காலம் தாழ்த்துதல் நோயரின் இழப்பாகவே முடியும்.

இதன்வழி ஒரு முறையியற் சிக்கல் எழுகிறது. காரணம் அறியாத நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டிவிட்டால், அப்பெயரே நோயறிதலாக நின்றுவிடக்கூடும். 'மெட்ராஸ் வகை' என எழுதி முடிக்கப்பட்ட மருத்துவக் கோப்புகளுள் கடத்திப் புரதக் குறைபாடு உடைய ஒருவர் இருந்தாலும், அவருக்கு அம்மாத்திரை கிட்டாமற் போயிருக்கும். காது மந்தமான சிறுவன் முதலில் காது மருத்துவரிடமும், நாக்குழறல் வந்தபின் வேறொரு மருத்துவரிடமும் செல்லும் நிலையில், இரண்டு அறிகுறிகளும் ஒரே தாளில் இடம்பெறுவதே அரிதாகிறது.

வெளியான பெருந்தொகுப்புகள் மருத்துவமனை சார்ந்தவை. ஊர்தோறும் சென்று எண்ணியவை அல்ல. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இயங்குகிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் 1999இல் இணைந்து உருவான அமைப்பு அது. தொழுநோயும் நரம்பைத் தாக்குவதே; வீடுவீடாகச் சென்று அதனைத் தேடிய களப்பயிற்சி இப்பகுதியின் மரபாகவே இருந்துள்ளது. அரிய நரம்பணு நோயை எண்ணுவதற்கும் அவ்வகைக் களமே பொருந்தும்.

மருத்துவமனை நிலையில் செய்யக்கூடியது இதனினும் எளிது. செவியிழப்போடு நாக்குழறலும் கைமெலிவும் உடைய இளையோரிடம் இரத்தம் எடுத்து இவ்விரு கடத்திப் புரத மரபணுக்களையும் சோதிக்கலாம். முடிவு வரும்வரை காத்திராமல் ரிபோஃபிளேவினைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே இக்குறைபாட்டை ஐயுறும் மருத்துவர்கள் இன்று கடைப்பிடிக்கும் நெறி.