தும்பாவில் கூடிய கைகள்

1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, நைக்கி-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் ஒன்று விண்ணை நோக்கிப் பாய ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. மாலை நெருங்கிவிட்டது. ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்ற முற்பட்ட வேளையில், தூக்கும் எந்திரத்தில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டு, ராக்கெட் ஒருபுறமாகச் சாயலாயிற்று. பழுதுபார்க்கப் பொழுதில்லை. அங்கிருந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள்? தோள் கொடுத்தார்கள். கைகளாலேயே தூக்கி அதனை மேடையில் நிறுத்தினார்கள். அன்று அந்தி வானில் சோடியம் ஆவி செம்மஞ்சள் நிறத்தில் படர்ந்ததைக் கண்டு நகரத்தார் வியந்து நின்றனர். இராமேசுவரத்திலிருந்து வந்து அந்தக் குழுவிலே பணியாற்றிய அப்துல் கலாம் அவர்கள் இந்நிகழ்ச்சியைத் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் குறித்திருக்கிறார்.

கூடித் தூக்கினால் பாரம் குறையும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியல் ஆசிரியர் 1913இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து, அவர்கள் செலுத்தும் வலிமையை அவர் அளந்து பார்த்தார். ஒருவர் தனித்து இழுக்கும் வலிமையை 100 என்று கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கையில் ஆளுக்கு ஏறத்தாழ 49 தான் தேறியது. ஒருவர் இழுக்கும் நேரத்தில் மற்றவர் மூச்சு வாங்குவதும் காரணம். 'அவர்தாம் இழுக்கிறாரே' என்ற எண்ணமும் காரணம். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர் எத்தனை பேர், உண்மையில் இழுப்பவர் எத்தனை பேர் என்பது தேருக்கே வெளிச்சம்!

அவ்வாறிருக்கத் தும்பாவில் கூடியவர்கள் எவ்வாறு ஒரு குழுவாயினர்?

பூமியின் காந்தநடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் அக்கோட்டின்மீது ஓடும் மின்னோட்டத்தை ஆராய்வதற்கு ஏற்ற இடம் இதுவெனக் கண்டு, டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தை நாடினார். அங்கே மீனவர் குடியிருப்பும், புனித மகதலேன் மரியாள் தேவாலயமும் இருந்தன. திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா அவர்கள் ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே இதனை எடுத்துரைத்து இசைவு பெற்றார் என்பர். தேவாலயம் காரியாலயமாயிற்று. ஆயர் இல்லமும் அவ்வாறே பயன்பட்டது. புதிய தேவாலயம் வேறிடத்தில் எழுந்தது. ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்து உருட்டிச் சென்ற புகைப்படத்தை நம்மிற் பலரும் கண்டிருப்போம்.

அங்கு வந்து சேர்ந்த இளைஞர்களில் தமிழர் உண்டு, மலையாளிகள் உண்டு, இந்தியாவின் பிற பகுதியினரும் உண்டு. நகரத்து விடுதிகளில் தங்கி, இரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் பசியாறி, பேருந்தேறித் தும்பாவுக்குச் சென்ற அந்நாள் வாழ்க்கை, ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் எவருக்கும் பழகியதே. ஒரே மேசையில் உண்பவர்க்குள் உண்டாகும் நெருக்கத்தை எந்த அலுவலக ஆணையும் உண்டாக்கிவிட முடியாது என்பது என் துணிபு.

ஆயினும் நட்பு வேறு, பெரும்பணியின் ஒழுங்கு வேறு. எஸ்.எல்.வி.-3 என்னும் நான்கு அடுக்கு ஏவுகலத்தை வடிவமைக்கச் சாராபாய் நான்கு பேரைத் தேர்ந்தார். நான்காம் அடுக்கு கலாமுக்கு. மற்ற மூன்றும் வசந்த் கோவாரிக்கர், குருப், முத்துநாயகம் ஆகியோர்க்கு. நால்வரும் வல்லுநர். நான்கு அடுக்கும் தனித்தனியே சிறந்திருப்பினும், ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் பிழை நேர்ந்தால் எல்லாம் வீண். அலுவலகத்திலும் பணி கெடுவது பெரும்பாலும் ஒருவர் மேசையிலன்று. ஒருவர் மேசையிலிருந்து அடுத்தவர் மேசைக்குக் கோப்புச் செல்லும் வழியிலேதான்.

1971 டிசம்பர் 30இல் சாராபாய் கோவளத்தில் மறைந்தார். தும்பாவில் தனித்தனியே இயங்கிய அமைப்புகள் அவர் பெயரால் ஒரே விண்வெளி மையமாக இணைக்கப்பட்டன. உலோகவியல் அறிஞர் டாக்டர் பிரம்ம பிரகாஷ் அதன் முதல் இயக்குநரானார். தம்மினும் திறமை மிக்கவர் பலர் இருக்கத் திட்டத் தலைமை தமக்கு ஏன் வந்தது என்று கலாம் தயங்கியபோது, பிறரோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டிராமல், அவர்களுடைய வல்லமையை வளர்க்க முயலும்படி பிரம்ம பிரகாஷ் அறிவுறுத்தினாராம்.

கலாம் கேட்ட பொறியாளர் 275 பேர். கிடைத்தவர் 50 பேர் அளவே. செய்ய வேண்டியதோ 44 பெருங்கூறுகளும் 250 உட்கூறுகளும் கொண்ட கலம். சிறு உறுப்புகளை எண்ணினால் பத்து இலட்சத்துக்கு மேல். மாதவன் நாயர், சீனிவாசன், சிவதாணுப் பிள்ளை முதலிய இளையவர்கள், யாரும் விதிக்காமலே, தமக்குரிய பணிமுறைகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். ஒருவர் வெற்றியை எல்லோரும் சேர்ந்து கொண்டாடினர். கலாம் எழுதியிருப்பவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே. ரிங்கல்மானின் கயிற்றில் யார் எவ்வளவு இழுத்தார் என்பது எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. இங்கோ ஒவ்வொருவர் உழைப்பும் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தது, பாராட்டும் பெற்றது.

இனிச் சோதனைக்கு வருவோம். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் சீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவப்படவிருந்தது. இறுதி எண்ணிக்கையின்போது கணினி அதனை நிறுத்தி வைத்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு காணப்பட்டது. வல்லுநர்கள் கணக்கிட்டு, எஞ்சியுள்ள அளவே போதும் என்றனர். கலாம் அதனை ஏற்று ஏவ ஆணையிட்டார். முதல் அடுக்குச் செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்குத் தடுமாறியது. 317 விநாடிகளில் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. ஏழாண்டு உழைப்பு!

அன்று செய்தியாளரைச் சந்திக்கும் கடமை யாருடையது? இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவன், கலாமை முன்னிறுத்தாமல் தாமே சென்றார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும், தம் குழுவின்மீது நம்பிக்கை உண்டென்றும் கூறினார். இந்தப் பகுதி பலராலும் சொல்லப்பட்டுவிட்டது. அதிகம் சொல்லப்படாதது அதன்பின் நடந்த ஆய்வுக் கூட்டம். தோல்வியின் காரணம் தொழில்நுட்ப முறையில் விளக்கப்பட்டு, அனைவரும் அதனை ஏற்றுக்கொண்ட நிலையில், கலாம் எழுந்தார். கசிவு அற்பமானதென்று முடிவுசெய்தது தம் பிழையே என்றும், ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் எல்லோர் முன்னிலையிலும் கூறினார்.

தலைவர் பழியைத் தாங்குவதும், கீழுள்ளவர் பிழையை ஒப்புவதும் தனித்தனிப் பண்புகள் அல்ல. முன்னது இல்லாத இடத்தில் பின்னது முளைக்காது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்கு இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாயிருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கிலோ அவற்றில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன! பிழை அங்கே மிகுதி என்பதன்று. அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே செய்தி. இதற்கு மறுதலையான காட்சி 1986 ஜனவரி 28இல் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது உலகுக்குத் தெரிந்தது. கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் தாங்கமாட்டா என்று முந்தின இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர். மேலாளர்கள் அதனைப் புறக்கணித்தனர். எழுவர் மாண்டனர்.

இதனை நம் சங்க இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிழைப்பை நாடி வேற்றூர் வந்தவர்க்கு வாயடக்கம் இயல்பாகப் படிந்துவிடுகிறது. நானும் அதற்கு விலக்கல்லன். பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், சரக்குப் பட்டியலில் ஒரு தொகை இருமுறை சேர்ந்திருப்பதைக் கண்டேன். மேலாளர் பேசிய விரைவு மலையாளம் எனக்குப் பாதியே விளங்கும். 'வெளியூரான் குறை சொல்ல வந்துவிட்டான்' என்பார்களோ என்று அஞ்சி வாளாவிருந்துவிட்டேன். மூன்று திங்களுக்குப் பின் பிழை வெளிப்பட்டபோது, வேலை இழந்தவர் அடுத்த மேசையிலிருந்த எழுத்தர். அவருக்கு இரண்டு குழந்தைகள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இன்று நம் பிள்ளைகள் பலர், தும்பாவுக்கு அண்மையில் கழக்கூட்டத்தில் 1990இல் தோன்றிய டெக்னோபார்க் நிறுவனங்களிலும், பெங்களூரிலும், துபாயிலும், சிங்கப்பூரிலும் பன்மொழியினர் கூடிய குழுக்களில் பணியாற்றுகின்றனர். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் குரலே கூட்டத்தில் ஓங்கி நிற்கும். கசிவைக் கண்டவர் கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கக்கூடும். குழுவுக்குத் தலைமை தாங்கும் நம்மவர்கள், கூட்டம் முடியுமுன் அந்த நாற்காலிக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டால் என்ன? அவர் தம் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தாலும் ஏற்கலாமே. விருந்தும் விளையாட்டும் நடத்திக் குழுவுணர்வை வளர்ப்பதாக நிறுவனங்கள் செலவிடும் பணத்தைவிட இந்த ஒரு கேள்வி பயன்தரும் என்று கருதுகிறேன். விருந்து வேண்டாம் என்பதன்று. உண்டபின் கேட்கலாம்!

1980 ஜூலை 18ஆம் நாள் காலை 8 மணி 3 நிமிடத்துக்கு எஸ்.எல்.வி.-3 மீண்டும் புறப்பட்டது. 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. இம்முறை தவன் பின்னே நின்றுகொண்டு, செய்தியாளரிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். 1982இல் கலாம் ஐதராபாத்துக்குச் சென்றுவிட்டார். சீனிவாசன் பி.எஸ்.எல்.வி. என்னும் அடுத்த ஏவுகலத்தின் பணியை ஏற்றார். பின்னர் அது மாதவன் நாயர் கைக்கு வந்தது. அக்கலமும் 1993இல் முதல் முயற்சியில் தோற்று, 1994இல் வென்றது. தும்பாவின் பழைய தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.